உப்பளக் கோடையும் கருவில் உருவாகும் சிறுநீரகமும்

இரத்தத்தை வடிகட்டிச் சிறுநீரைப் பிரிக்கும் நுண்ணலகான நெஃப்ரான், கருவின் ஒன்பதாம் வாரமளவில் தோன்றத் தொடங்கி 34 முதல் 36 வாரங்களுக்குள் முழு எண்ணிக்கையை எட்டிவிடுகிறது. அதன்பின் புதியது பிறப்பதில்லை என்பதால், எழுபது வயதிலும் ஒருவர் செலவழிப்பது தாய்வயிற்றில் சேர்ந்த இருப்பைத்தான்.

ஐந்தாம் வாரத்தில், கருக்காலச் சிறுநீர் நாளத்திலிருந்து புறப்படும் சிறுநீர்க்குழாய் மொட்டு, அருகிலுள்ள மூலத்திசு சுரக்கும் வளர்ச்சிப் புரதத்தால் ஈர்க்கப்பட்டு அதனுள் நுழைந்து, இரண்டிரண்டாகக் கிளைவிடுகிறது. ஒவ்வொரு நுனியிலும் கவிந்திருக்கும் மூலசெல்களில் ஒரு பகுதி தன்னைப் பெருக்கிக்கொள்ள, மறுபகுதி உருண்டையாகத் திரண்டு, காற்புள்ளி வடிவிலும் பின் ஆங்கில எஸ் எழுத்தின் வடிவிலும் வளைந்து, ஒரு முனையில் இரத்த நுண்குழாய்கள் புகுந்த கிளாமருலஸ் என்னும் வடிகட்டும் முடிச்சாகி, மறுமுனையில் மொட்டின் கிளையோடு இணைகிறது. மூலசெல்கள் தீர்ந்ததும் எல்லாம் நின்றுவிடும்.

ஒரு சிறுநீரகத்தில் சராசரியாகச் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் உண்டு எனினும், 2 லட்சத்தோடு வாழ்பவரும் 20 லட்சத்தைத் தாண்டியவரும் உளர். பிறப்பு எடை ஒரு கிலோ கூடினால் ஏறத்தாழ இரண்டரை லட்சம் கூடுகிறது. எண்ணிக்கை குறைந்தால் எஞ்சியவை மிகையாக உழைத்து வீங்கித் தழும்பேறும், இரத்த அழுத்தமும் உயரும் என்ற கருதுகோள் 1988இல் முன்வைக்கப்பட்டது. சிறுநீரகச் செயலிழப்புக்குச் சர்க்கரை நோயே முதற்காரணம் என்போர் கூற்றும் உண்மையே. ஆயினும் அதே சர்க்கரை நோய் எல்லோருடைய சிறுநீரகத்தையும் ஒரே வேகத்தில் அழிப்பதில்லை; பிறப்பிலேயே அமைந்த இருப்பும் அதில் பங்கு வகிக்கலாம்.

நெஃப்ரான்களில் ஐந்தில் மூன்று பங்கு கடைசி மூன்று மாதங்களில்தான் உருவாகின்றன என்பதே செங்கல்பட்டுக் கடற்கரைக்குக் கவலை தருவது. மாமல்லபுரத்துக்கு வடக்கே கோவளம், கேளம்பாக்கம், தெற்கே செய்யூர் எனப் பரந்த உப்பளங்களில் விளைச்சல் உச்சமடைவது கோடையில். நிழலற்ற பாத்திகளில் உப்பு வாரும் பெண்ணின் உடல் நீரிழக்கும் மாதங்களும் அவையே. தமிழகத்தில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து, 2024இல் வெளிவந்த ஆய்வு, வெப்பத்தில் உழைப்போருக்குக் கருச்சிதைவு அபாயம் இருமடங்காவதைக் காட்டியது. அது நெஃப்ரான்களை எண்ணவில்லை. உயிருள்ள குழந்தையில் எண்ணவும் இயலாது. ஆகவே குறைமாதத்திலோ எடை குறைந்தோ பிறந்த குழந்தைக்குப் பள்ளி வயதில் இரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்ப்பதே எளிதில் கிடைக்கும் தடயம்; அளத்து வேலைக்காரியின் ஏழாம் மாதம் சித்திரையில் வருமானால், மகப்பேறு நிதியுதவி அந்த மாதத்துக் கூலியை ஈடுகட்டும்படி கைக்கு வர வேண்டும்.