பேசி மீட்பவர்கள்

பிணைக்கைதியை மீட்கப் பேசும் காவலருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் தரப்படுவதில்லை. முடிவெடுப்பவர் வேறு, பேசுபவர் வேறு. "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்ல வழியிருந்தால்தான் நேரம் கிடைக்கும். நேரம் போகப் போகக் கடத்தியவரின் ஆவேசம் அடங்கும், பசியும் களைப்பும் தலைகாட்டும். மியூனிக் ஒலிம்பிக் படுகொலைக்கு மறு ஆண்டு, 1973இல், நியூயார்க் காவல்துறை இதற்கென்றே தனிக்குழு அமைத்தது. ஒருவர் பேசுவார், இன்னொருவர் கூடவே கேட்டுத் துண்டுச்சீட்டில் யோசனை எழுதி நீட்டுவார். பேசுவதைவிடக் கேட்பதே அதிகம். கடத்தியவரின் பிடிக்குள் ஆளை அனுப்புவதைக் கூடியவரை தவிர்ப்பார்கள்.

பெங்களூரையே முடக்கிப்போட்ட கடத்தலில் இவையெல்லாம் தலைகீழாயின. 2000 ஜூலை 30 இரவு, தாளவாடி அருகே தொட்டகாஜனூர் வீட்டிலிருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரைச் சந்தனக் கடத்தல்காரர் வீரப்பன் கடத்திப் போனார். பெங்களூரில் கடைகள் மூடின, பேருந்துகள் நின்றன. தமிழர்கள் தாக்கப்பட்ட 1991 காவிரிக் கலவரத்தை மறக்காத ஒக்கலிபுரம், ஸ்ரீராமபுரம் தமிழர்களுக்கு அந்த நாட்கள் எப்படிப் போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

காட்டுக்குள் தொலைபேசி கிடையாது. பேச்சு கேசட்டில் நடந்தது. கேசட்டில் ஒரு வினோதம் உண்டு: குறுக்கே பேச முடியாது. "அப்புறம்?" என்று கேட்டு எதிராளியை இளக்க முடியாது. ஆகவே வந்ததெல்லாம் அறிக்கைதான்: காவிரி நீர், கர்நாடகத்தில் தமிழுக்கு ஆட்சிமொழித் தகுதி, பெங்களூர் அல்சூரில் மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலையின் திறப்பு (அது 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் திறக்கப்பட்டது), தடா எனும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் அடைபட்ட கைதிகளின் விடுதலை.

கேசட்டோடு ஆளும் போக வேண்டியிருந்தது. காட்டைச் சலிக்கத் தமிழகம், கர்நாடகம் இரு மாநிலங்களும் அதிரடிப்படை வைத்திருந்தன. பேசுவதற்கோ 'நக்கீரன்' ஆசிரியர் கோபாலைத்தான் நாடின. 1997இல் வனத்துறையினர் கடத்தப்பட்டபோதும் அவர்தான் தூதர். பிறகு தமிழ்த் தேசியத் தலைவர் பழ. நெடுமாறன் குழுவினரும் காட்டுக்குள் போனார்கள். உயிரைப் பணயம் வைத்துப் போனவர்களைக் குறை சொல்ல முடியாது. குறை, அந்த வேலைக்குத் தன் ஆளைத் தயார்செய்யாத காவல்துறையுடையது.

அரசுகளும் அவசரப்பட்டன. இழுத்துப் பேச வேண்டிய தடா கைதிகள் விஷயத்தை ஆகஸ்டிலேயே ஒப்புக்கொண்டன. வீரப்பன் கும்பலால் கொல்லப்பட்ட ஒரு காவல் அதிகாரியின் தந்தை உச்ச நீதிமன்றம் போனார். நவம்பர் 7 அன்று நீதிமன்றம் அந்த விடுதலைக்கு வழிவிட்ட உத்தரவை ரத்து செய்தது. வேண்டாமென்று விட்ட 'மேலிடம்' தானாகவே வந்து நின்றது. அந்தக் கைதிகளின் விடுதலை கிடைக்காமலே, நவம்பர் 15 அன்று, 108 நாட்களுக்குப் பின் ராஜ்குமார் விடுதலையானார்.

2002 ஆகஸ்ட் 25 அன்று கர்நாடக முன்னாள் அமைச்சர் நாகப்பா வீரப்பனால் கடத்தப்பட்டார். மறுபடியும் தூதர் தேடும் படலம். டிசம்பர் 8 அன்று காட்டில் அவருடைய உடல்தான் கிடைத்தது.