பிடித்து வைப்பதில் எத்தனை வகை

விமான நிலையத்தில் ஒருவரிடம் தங்கம் பிடிபட்டால் தமிழ்ப் பத்திரிகை 'பறிமுதல்' என்று எழுதும். ஆறு மாதம் கழித்து அந்தத் தங்கம் அரசுக்கே போய்ச் சேர்ந்தாலும் 'பறிமுதல்'தான். பாஸ்போர்ட்டை முடக்கி வைத்தாலும், அமலாக்கத் துறை வீட்டின் மேல் கை வைத்தாலும் பல நேரம் அதே சொல். ஆங்கிலச் சட்டமொழி இந்த நான்குக்கும் நான்கு வினைச்சொல் வைத்திருக்கிறது. பொருள் இப்போது யாருடையது, எத்தனை நாள் வைத்திருக்கலாம், யாரிடம் போய்க் கேட்பது எல்லாம் அந்த வினையைப் பொறுத்தே மாறும். நமக்கு வரும் நோட்டீஸ்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருவதால், முதலில் அந்த வினைச்சொல்லைத் தேடிப் படிப்பது நல்லது.

'சீஸ்' என்றால் கைப்பற்றுவது, அவ்வளவுதான். பொருள் கை மாறுகிறது, உரிமை மாறுவதில்லை. 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டப்படி, சந்தேகத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் அதிகாரி பொருளை 'சீஸ்' செய்யலாம். ஆறு மாதத்துக்குள் விளக்கம் கேட்டு நோட்டீஸ் தர வேண்டும். காரணத்தை எழுத்தில் பதிந்து இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கலாம். அதையும் தவறவிட்டால் பொருளைத் திருப்பித் தர வேண்டியதுதான். 'கான்ஃபிஸ்கேட்' அடுத்த கட்டம். விசாரித்து முடித்து ஆணை போட்ட பிறகு வருவது அது. அதோடு பொருள் மத்திய அரசின் சொத்து. அப்போதும் ஒரு கதவு திறந்திருக்கும். தடை செய்யப்படாத பொருளானால், பறிமுதலுக்குப் பதிலாக அபராதம் கட்டி மீட்டுக்கொள்ள வாய்ப்பு தந்தே ஆக வேண்டும். தடை செய்யப்பட்ட பொருளானால் அது அதிகாரியின் விருப்பம்.

இவற்றில் சுவையான சொல் 'இம்பவுண்ட்'. மேயப் போன மாடு அடுத்தவர் வயலில் வாய் வைத்தால் பிடித்துக்கொண்டு போய் அடைக்கும் பட்டியைக் கிராமத்தில் 'பவுண்டு' என்பார்களே, அதே பவுண்டுதான் இதற்குள்ளும் இருக்கிறது. 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் அந்தப் பட்டிகளுக்கு விதி வகுத்தது: உரிமையாளர் அபராதமும் தீவனச் செலவும் கட்டி மாட்டை ஓட்டிக்கொண்டு போகலாம், யாரும் கேட்டு வராவிட்டால் ஏலம். சொல்லின் குணம் இன்றும் அதுதான். பொருள் உங்களுடையதே, ஆனால் அதிகாரியின் பட்டிக்குள் நிற்கிறது.

பாஸ்போர்ட் விஷயத்தில் இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. 1977இல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை அரசு 'இம்பவுண்ட்' செய்தது. காரணத்தைச் சொல்ல மறுத்தது. அதிலிருந்து பிறந்த வழக்கில்தான், ஒருவரின் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தும் நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1978இல் சொன்னது. முப்பது ஆண்டு கழித்து, 2008இல், சுரேஷ் நந்தா வழக்கில் இன்னொரு கோடு கிழித்தார்கள். போலீஸ் பாஸ்போர்ட்டை 'சீஸ்' செய்யலாம், 'இம்பவுண்ட்' செய்ய முடியாது. கைப்பற்றுவது அந்த நேரத்துச் செயல்; கைப்பற்றியதைத் தொடர்ந்து தன்னிடமே வைத்துக்கொள்வது 'இம்பவுண்ட்'. அந்த அதிகாரம் பாஸ்போர்ட் சட்டப்படி பாஸ்போர்ட் அதிகாரிக்கு மட்டுமே. போதிய முத்திரைத் தாள் இல்லாத பத்திரத்தை நீதிமன்றம் எடுத்து வைத்துக்கொள்வதற்கும் 1899ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டம் இதே வினையைத்தான் பயன்படுத்துகிறது. குறைந்த தீர்வையையும் தண்டத்தையும் கட்டினால் பத்திரம் வெளியே வரும். மாட்டுக்குக் கட்டியதைப் போலத்தான்.

'அட்டாச்' நமக்கு நன்கு பழகியது, ஜப்தி. விபத்து இழப்பீடு கட்டாத போக்குவரத்துக் கழகத்தின் பேருந்தை அமீனா பேருந்து நிலையத்திலேயே ஜப்தி செய்த செய்தியை நாம் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். விற்க, அடகு வைக்க, பெயர் மாற்ற முடியாதபடி சொத்தைக் கட்டிப்போடுவதே இதன் சாரம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவைக் கடன்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், உழவரின் ஏர், மாடு, விதைநெல், மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை ஆகியவற்றில் கை வைக்க முடியாது. தாலி அங்கே சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. அமலாக்கத் துறை ஒரு வீட்டை 'அட்டாச்' செய்யும் தற்காலிக ஆணை 180 நாளைக்கு மேல் தானாக நீளாது. அதற்குள் தீர்ப்பாணையம் உறுதிசெய்ய வேண்டும். அந்தத் தற்காலிகக் காலத்தில் உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்கலாம். வங்கிக் கணக்கை 'ஃப்ரீஸ்' செய்வதும் இதன் உறவுதான்: பணம் அங்கேயே இருக்கும், எடுக்க முடியாது. வங்கிக் கணக்கும் போலீஸ் கைப்பற்றக்கூடிய 'சொத்து'தான் என்று உச்ச நீதிமன்றம் 1999இல் தீர்த்து வைத்துவிட்டது.

மனிதர் பக்கம் வந்தால், 'ரெஸ்ட்ரெயின்' என்பது போக உரிமையுள்ள திசையில் போகவிடாமல் மறிப்பது. 'கன்ஃபைன்' என்பது எந்தத் திசையிலும் ஓர் எல்லையைத் தாண்டவிடாமல் அடைப்பது. பூட்டு வேண்டும் என்பதில்லை. வாசலில் துப்பாக்கியோடு ஆள் நிறுத்தி, வந்தால் சுடுவேன் என்றாலே போதும். பாரதிய நியாய சன்ஹிதாவில் முதலாவதுக்கு ஒரு மாதம் வரை, இரண்டாவதுக்கு ஓராண்டு வரை சிறை.

'அரெஸ்ட்' ஆக விலங்கு மாட்டத் தேவையில்லை. போலீஸ்காரர் உடலைத் தொட்டாலோ, அவர் சொன்னதற்கு நீங்கள் பணிந்தாலோ அது கைதுதான். 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். காரணம் சொல்ல வேண்டும். வக்கீலைப் பார்க்க விட வேண்டும்.

குழப்பமெல்லாம் 'டிடெய்ன்' என்ற சொல்லில். விசாரணைக்காக 'டிடெய்ன்' செய்தோம் என்று பத்திரிகையில் வந்தால், பெரும்பாலும் கைது என்று சொல்ல விருப்பமில்லை என்று பொருள். போக விடாமல் வைத்திருந்தால் அந்த 24 மணி நேரக் கணக்கு அப்போதே தொடங்கிவிட்டது என்றுதான் நான் கொள்வேன். தடுப்புக் காவலில் வரும் 'டிடெய்ன்' முற்றிலும் வேறு. அது செய்த குற்றத்துக்கு அல்ல, செய்யக்கூடும் என்ற அச்சத்துக்கு. நாம் 'குண்டாஸ்' என்று சுருக்கிச் சொல்லும் 1982ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி பன்னிரண்டு மாதம் வரை வைக்கலாம். அந்த 24 மணி நேர விதி இங்கே பொருந்தாது. அதில் குண்டர்களோடு மணல் கடத்துபவரும் திருட்டு வீடியோக்காரரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

'ரிமாண்ட்' போலீஸ் செய்வதல்ல, மாஜிஸ்திரேட் செய்வது. போலீஸ் காவலுக்கு மொத்தம் 15 நாள்தான் தரலாம்; மற்ற நாட்கள் சிறையில் நீதிமன்றக் காவல். குற்றத்தின் கடுமையைப் பொறுத்து 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை. ஆனால் கேட்க வேண்டும்; கேட்பதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டால் அந்த உரிமை போய்விடும்.