கடலடியிலிருந்து விண்ணுக்கு எழுந்த போர்க்கப்பல்

1945 ஏப்ரல் 7ஆம் நாள் ஒகினாவாத் தீவை நோக்கிச் சென்றுகொண்டிருந்த ஜப்பானியப் போர்க்கப்பல் ‘யமாட்டோ’வை அமெரிக்க விமானங்கள் மூழ்கடித்தன. 263 மீட்டர் நீளம், 46 செ.மீ. வாயகலம் கொண்ட ஒன்பது பீரங்கிகள் எல்லாம் இருந்தும் பயனில்லை. சுமார் 3,000 பேர் மாண்டனர்.

அக்கப்பல் மறுபடியும் எழுந்தது, கதையில்! 1974 அக்டோபரில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ‘விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ’ என்ற சித்திரத் தொடர் ஆரம்பமாயிற்று. கதை நடப்பது 2199இல். கமிலாஸ் கிரகத்தார் பூமியின் மீது கதிரியக்கக் குண்டுகளைப் பொழிகின்றனர். கடல்கள் வற்றிவிட்டன. மக்கள் நிலத்தடி நகரங்களில் பதுங்கியிருக்கின்றனர். அங்கும் கதிரியக்கம் இறங்கி வருகிறது. எஞ்சியிருப்பது ஓராண்டுதான். அதைப் போக்கும் கருவி 1,48,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால் இஸ்கந்தார் கிரகத்தில் இருக்கிறது. வற்றிய கடலின் தரையில் கிடக்கும் யமாட்டோவின் உடலுக்குள் புதிய விண்கலத்தை அமைத்துக்கொண்டு கேப்டன் ஒகிடாவின் குழு புறப்படுகிறது. (உண்மையான யமாட்டோ இரண்டாகப் பிளந்து கிடப்பது 1980களில்தான் தெரிய வந்தது!)

மாணவ நண்பர்களே, சற்றே கணக்குப் போட்டுப் பார்ப்போமா? வாயேஜர்-1 விண்கலம் வினாடிக்குச் சுமார் 17 கி.மீ. வேகத்தில் செல்கிறது. அந்த வேகத்தில் இஸ்கந்தாரை அடைய ஏறக்குறைய 260 கோடி ஆண்டுகள் பிடிக்கும். சரி, ஒளியின் வேகத்தை நெருங்கிச் சென்றால்? ஐன்ஸ்டீனின் கொள்கைப்படி கப்பலில் உள்ளவர்களுக்குக் காலம் மெதுவாக ஓடும். அவர்களுக்கு ஓராண்டு மட்டுமே கழியலாம். ஆனால் போய்த் திரும்புவதற்குள் பூமியில் ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டுகள் கடந்துவிடும். காப்பாற்றப்பட வேண்டியவர்கள் யார் இருப்பார்கள்? அதனால்தான் கதாசிரியர்கள் வெளியையே மடித்துத் தாவும் ‘வார்ப்’ முறையைத் துணைக்கு அழைத்தார்கள். அதற்கு இன்றுவரை வழி கிடையாது.

பீரங்கிகளையும் பாருங்கள். கதையில் அவை ஒளிக்கற்றைகளை வீசுகின்றன. பழைய குண்டுகளையே சுட்டிருந்தால்? ஒரு குண்டின் எடை சுமார் 1,460 கிலோ. வேகம் வினாடிக்கு 780 மீட்டர். ஒன்பதும் ஒரே சமயத்தில் ஒரே திசையில் வெடித்தால் 72,000 டன் கப்பல் வினாடிக்கு 14 செ.மீ. வேகத்தில் பின்னே தள்ளப்படும். கடலில் தண்ணீர் அதைத் தடுத்துவிடும். விண்வெளியில் தடுப்பார் யார்? ஒரு மணி நேரத்தில் அரை கி.மீ. விலகிப் போயிருக்கும்! வெடிச் சத்தமும் கேட்காது. ஒலியைச் சுமக்க அங்கே காற்றில்லை.

போரில் யமாட்டோ வெல்கிறது. ஆனால் அழிந்து கிடக்கும் கமிலாஸ் நகரைக் கண்டு இளம் வீரன் கொடாய் மனம் நொந்து நிற்கிறான். சிறுவர் தொடரில் இப்படியொரு காட்சியா என்று வியக்கத் தோன்றுகிறது.

இஸ்கந்தார் இருப்பதாகக் கதை கூறும் பெரிய மெகல்லன் மேகம் உண்மையானது. சுமார் 1,60,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள விண்மீன் கூட்டம். அங்கே வெடித்த ஒரு விண்மீனின் ஒளி 1987 பிப்ரவரியில் நம்மை எட்டியது. அதனின்று வந்த நியூட்ரினோத் துகள்களில் சிலவற்றை ஜப்பானின் காமியோகாண்டே நிலத்தடி ஆய்வுக்கூடம் பிடித்தது. அந்த ஆய்வை நடத்திய கோஷிபாவுக்கு 2002இல் நோபல் பரிசு கிடைத்தது.