வெயில் நாளில் கோழிக்கு என்ன கொடுக்கலாம்?

2020 தை 4ஆம் திகதி மேற்குச் சிட்னியின் பென்றித் பகுதியில் வெப்பநிலை 48.9 பாகை செல்சியஸைத் தொட்டது. அன்று எங்கள் பின்வளவில் நின்ற ஆறு பேட்டுக்கோழிகளில் மூன்று செத்துப்போயின. நாங்கள் போட்ட சாப்பாடே அவற்றுக்கு எமனாக வந்தது. கோழி வாங்க எண்ணியிருக்கும் புதிய குடும்பங்களுக்காக இதை எழுதுகிறோம்.

அப்போது நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஊரில் கோழி வளர்த்தவர்கள்தானே என்ற துணிவில் வாங்கிவிட்டோம். ஊரில் கோழி வேலியோரம், வாழையடி என்று தன்பாட்டில் நிழல் தேடிப் படுத்துவிடும். இங்கே தகரக் கூட்டுக்கும் மரவேலிக்கும் இடையில் அது எங்கே போகும்? வாயைத் திறந்து இளைத்ததைக் கண்டு, பாவம், பசியாக்கும் என்று நடுமத்தியானம் சோறும் சோளமும் போட்டோம். நாலு மணிக்கு மூன்று விழுந்து கிடந்தன.

கோழிப்பண்ணையில் வேலைசெய்யும் நண்பர் ஒருவர்தான் பிறகு விளக்கினார். கோழிக்கு வியர்க்காது. அதன் உடல் வெப்பம் எப்போதுமே ஏறக்குறைய 41 பாகை. இளைத்து இளைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். தின்ற தீன் செமிக்கும்போதும் உடலில் சூடு பிறக்கும். அதனால் கடும் வெயில் நாட்களில் பண்ணைகளில் தீன்தட்டுகளைக் காலையிலேயே உயர்த்திவிட்டு, வெயில் தணிந்த பின்னரே இறக்குவார்களாம். நாங்கள் செய்தது நேர் எதிர்.

இளைக்கும்போது காபனீரொட்சைட்டு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. பொற்றாசியம் முதலிய உப்புகளும் உடலை விட்டுப் போகின்றன. இதற்காகத்தான் பண்ணைகளில் தண்ணீரில் பொற்றாசியம் குளோரைட்டும், தீனில் விற்றமின் சீ, ஈ என்பனவும் சேர்க்கிறார்கள். விற்றமின் சீயைக் கோழி தன் சிறுநீரகத்தில் தானே உண்டாக்கிக்கொள்ளும். கடும் வெப்பத்தில் அது போதாது. கிலோ தீனுக்கு 200 முதல் 250 மில்லிகிராம் வரை சேர்ப்பது வழக்கம். சீனிக்கிழங்கிலிருந்து எடுக்கும் பீற்றெயின் என்ற பொருளையும் சிலர் கலப்பார்கள். உடற்கலங்களில் நீர் வற்றாமல் அது காக்கும்.

ஆறு கோழிக்கு இத்தனை ஆரவாரம் வேண்டாம். உப்புகளும் விற்றமினும் கலந்த தூள், கோழித்தீன் விற்கும் கடைகளில் பைக்கற்றாகக் கிடைக்கும். அதில் எழுதியிருக்கும் அளவை மீறாதீர்கள்; உப்புக் கூடினால் கழிச்சல் வரும். வெப்பம் ஏறப்போகிறது என்று வானிலை அறிவிப்பில் கேட்டவுடனேயே தொடங்குங்கள். கோழி செட்டையைத் தொங்கப்போட்டு மயங்கிய பிறகு தூளைக் கரைத்துக்கொண்டு நிற்கக்கூடாது. உடனே நிழலுக்குக் கொண்டுபோய்க் கால்களைக் குளிர்ந்த நீரில் நனைக்க வேண்டும். விற்றமின் சீ நீரில் விரைவில் கெட்டுவிடும் என்பதால் கலந்த நீரைத் தினமும் மாற்றுங்கள். பக்கத்தில் வெறுந்தண்ணீரும் இருக்கட்டும். வெயிலில் கிடந்த குழாயின் முதல் நீரைப் பிடித்து வைக்காதீர்கள். சுடுதண்ணீரைக் கோழி தொடாது.

மிஞ்சிய மூன்றும் அந்தக் கிழமை இட்ட முட்டைகள் எடுத்த கையிலேயே நசிந்தன. இரத்தத்தில் காரம் கூடினால் கல்சியம் ஓட்டுக்குச் சரியாகச் சேராதாம். முட்டையின் ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது. ஆகையால் இப்போது நொறுக்கிய சிப்பியைப் பின்னேரத்தில் வைக்கிறோம். சோறும் பின்னேரந்தான்.