பிழையான உள்ளீடும் தரவுத்தளமும்

பழைய மாணவர் பதிவேட்டைக் கணினித் தரவுத்தளத்தில் ஏற்றுங்கால், ஒருவரது பிறந்த திகதி ‘பெப்ரவரி 30’ என இருப்பின் யாது நிகழும்? மைஎஸ்கியூஎல், கண்டிப்பு முறையின்றி இயங்கின், ஓர் எச்சரிக்கையோடு அதனைப் பூச்சியத் திகதியாக்கிவிடும்; மெய்த்திகதியைத் தேடும் தடயமும் அழிந்துபோம். 2015இல் வெளிவந்த 5.7ஆம் பதிப்பு முதல் கண்டிப்பே அதன் இயல்பாயிற்று. போஸ்ட்கிரெஸ் பிழையெனக் கூறி அக்கட்டளை முழுவதையும் நிறுத்தும். ஒருவர் பிழையால் ஆயிரவர் பதிவும் தடைப்படும். 2023இல் வந்த அதன் 16ஆம் பதிப்பிலோ, உள்ளீடு செல்லுமா என வினவினால் ஆம், இல்லை என விடைமட்டும் கூறும் செயற்கூறு சேர்க்கப்பட்டது. அதன் துணையால் பிழையான பதிவை உள்ளவாறே வேறாக வைத்து, ஏனையவற்றை ஏற்றலாம். பிழையை மறைத்தலும் தகாது. அதன்பொருட்டு யாவரையும் தடுத்தலும் தகாது. பிழையைப் பிழையெனக் காட்டித் திருத்த இடமளித்தலே நன்னெறியாம்.