டீச்சர் அத்தையின் முதல் சம்பளம்

பேராக்கில் பல குடும்பங்களில் ஒரு ‘டீச்சர் அத்தை’ இருப்பார். தம்பி தங்கைகளைப் படிக்க வைத்தவர், வீட்டுக்கு முதல் மாதச் சம்பளம் கொண்டுவந்தவர். ஆனால், ஒரே வேலை பார்த்தும் ஆண் ஆசிரியரைவிட அவருக்குக் குறைந்த சம்பளம்தான். திருமணமானால் நிரந்தர வேலையும் தற்காலிகமாகிவிடும். ஒரு காலத்தில் இதுதான் நம் நாட்டு நடைமுறை.

இதை எதிர்த்து முன்னணியில் நின்றவர் ராசம்மா பூபாலன். 1927இல் ஈப்போவில் பிறந்தவர். 16 வயதில் அக்காவுடன் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மா வரை போனார். ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த பெண்கள் பலர் அந்தப் படையில் இருந்தார்கள். பால்வாளி தூக்கிய கைகள் அங்கே துப்பாக்கி பிடித்தன.

போர் முடிந்ததும் படிப்புக்குத் திரும்பி, பட்டம் பெற்று ஆசிரியையானார். 1960இல் பெண் ஆசிரியர்களுக்கெனத் தனிச் சங்கம் அமைத்தார். சம வேலைக்குச் சம ஊதியம் என்பதே கோரிக்கை. மற்ற பெண்கள் அமைப்புகளும் சேர்ந்து குரல் கொடுத்தன. அந்தப் பத்தாண்டின் இறுதியில் அரசாங்கம் இணங்கியது. பின்னர் கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியையாகவும் இருந்தார்.

இன்று வேலைக்குப் போகும் தங்கைகளே, உங்கள் சம்பளச் சீட்டில் அந்தப் போராட்டமும் இருக்கிறது. இந்த வாரம் உங்கள் அத்தையிடம் கேளுங்கள்: “முதல் சம்பளம் எவ்வளவு அத்தை? அதை என்ன செய்தீங்க?” பதிலைக் கைப்பேசியில் பதிவு செய்து வையுங்கள். அந்தக் குரல் வீட்டில் இருக்கட்டும்.