டோன் போச்சு, லைட் போச்சு

மட்டாஞ்சேரியில் முன்பு எக்ஸ்சேஞ்ச் என்றால் இரண்டு. ஒன்று டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். இன்னொன்று, ஜூ டவுன் தெருவில் 1957-இல் தொடங்கிய மிளகு எக்ஸ்சேஞ்ச். அங்கே நடுக்கூடத்தில் தரகர்கள் நெருக்கியடித்து நின்று விரலைக் காட்டிக் கத்துவார்கள். சுற்றியிருந்த சின்னச் சின்னத் தடுப்புகளில் ஆட்கள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, அந்தக் கத்தலை விலையாக மாற்றி வெளியூருக்குச் சொல்வார்கள். முதல் எக்ஸ்சேஞ்சில் கோளாறு என்றால் இரண்டாவதில் தொண்டைகள் கொஞ்சம் ஓய்வெடுக்கும்.

அப்பா பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்கில் கணக்கு எழுதினார். விருதுநகருக்கும் போடிக்கும் டிரங்க் கால் புக் செய்துவிட்டுக் காத்திருப்பது அவர் வேலையில் பாதி. ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று கால்களில் மூன்று சாதி. லைட்னிங்குக்கு எட்டு மடங்கு கட்டணம். முதலாளி தலையை அசைத்தால் ஒழிய அந்த வார்த்தை வாயில் வரக்கூடாது. இந்தியாவின் முதல் எஸ்டிடி இணைப்பு 1960-இலேயே கான்பூருக்கும் லக்னோவுக்கும் நடுவில் வந்துவிட்டதை அப்பா ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டார். "அப்போ நான் இருபது வருஷம் சும்மா காத்துக்கிடந்தேனா?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டுக்கு போன் வந்தது 1989-இல். முதல் இடவப்பாதி மழையிலேயே அது கரகரக்க ஆரம்பித்தது. பக்கத்துத் தெருக் கடையில் போய் 198-ஐச் சுழற்றிப் புகார் சொல்ல வேண்டும். ஒரு நாளிலோ நாலு நாளிலோ லைன்மேன் சைக்கிளில் வருவார். மூங்கில் ஏணி, இடுப்பில் ஒரு கத்தி, தோளில் தொங்கும் சோதனை ரிசீவர். வாசலில் காலை ஊன்றி நின்றபடி அவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்:

"டோன் உண்டோ, அண்ணாச்சி?"

மட்டாஞ்சேரியில் தமிழ்க்காரன் எவனானாலும் அண்ணாச்சிதான். அப்பா ரிசீவரை எடுத்துக் கேட்டுவிட்டு, "இருக்கு சேட்டா, ஆனா மீன் பொரிக்கிற மாதிரி சத்தம்" என்பார். அவ்வளவு போதும் லைன்மேனுக்கு. தெருமுனைக் கம்பத்தில் ஏறி இணைப்புப் பெட்டியைத் திறப்பார். எனக்கு அப்போது பத்து வயது. கீழே நின்று அண்ணாந்து பார்ப்பேன். செம்புக் கம்பியின் முறுக்கில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். காயலும் கடலும் சேர்ந்து அனுப்பும் உப்புக்காற்று ஈரத்தோடு செய்கிற வேலை அது. கத்தி முனையால் சுரண்டுவார். உள்ளிருந்து செம்பு புதுக்காசு மாதிரி மினுங்கும். மறுபடி முறுக்கி டேப் சுற்றுவார். அந்த நேரம் பார்த்து யாராவது எங்களைக் கூப்பிட்டுவிட்டால் மணியடிக்கும் மின்சாரம் அவர் விரலில் சுருக்கென்று ஏறும். உடனே ஒரு கெட்ட வார்த்தை மேலிருந்து கீழே வரும். சரியான மலையாளத்தில்.

முடிந்ததும் கம்பத்தின் மேலிருந்தே எங்கள் எண்ணைச் சுழற்றுவார். "இப்போள் கேட்குன்னுண்டோ?" என்று ரிசீவரில் ஒரு குரல், தெருவிலிருந்து நேராக ஒரு குரல், இரண்டும் ஒன்றாக வரும்.

அவர் வீட்டுக்குள் வந்தது டீ குடிக்க மட்டும்தான். உள்ளே கெட்டுப்போக என்ன இருந்தது? சுவரில் ஒரு ரோசெட், அதிலிருந்து ஒரு வயர், வயர் முனையில் ஒரு போன். கோளாறு என்பது வெளியே, கம்பத்தில், மழையில் இருந்தது. சரிபண்ண வேண்டியவருக்கு முகம் இருந்தது, சைக்கிள் இருந்தது. நாங்கள் செய்ய வேண்டியது காத்திருப்பது மட்டும். அதைத் திட்டிக்கொண்டே செய்தோம் என்பது வேறு விஷயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கரண்ட் போனாலும் போன் போகாது. எக்ஸ்சேஞ்சின் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் அந்தச் செம்புக் கம்பி வழியாகவே வீட்டுக்கு வந்துகொண்டிருக்கும். ஊரே இருண்டு கிடக்கும்போது ரிசீவரை எடுத்தால் அந்த நீண்ட 'ஊ...' நிதானமாகக் கேட்கும். அம்மா சில இரவுகளில் யாரையும் கூப்பிடாமல் சும்மா எடுத்துக் கேட்டுவிட்டு வைப்பாள்.

2005-இல் பிஎஸ்என்எல்லின் டேட்டாஒன் வந்தபோது அதே செம்புக் கம்பியில் இணையமும் ஏறிக்கொண்டது. 256 கேபிபிஎஸ். 4 எம்பி பாட்டு ஒன்று இறங்க இரண்டு நிமிடத்துக்கு மேல். இரவு 2 மணியிலிருந்து காலை 8 வரை அளவில்லாமல் இறக்கிக்கொள்ளலாம் என்றொரு திட்டம் இருந்ததால், எங்கள் தெருப் பையன்கள் அலாரம் வைத்து எழுந்தார்கள். கோளாறு முதன்முதலாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்தது அந்தக் காலத்தில்தான். போனுக்கும் மோடத்துக்கும் நடுவில் ஸ்பிளிட்டர் என்று தீப்பெட்டி அளவு ஒரு டப்பா. அதைத் தலைகீழாக மாட்டினால் போனில் இரைச்சல், மோடத்தில் விளக்கு சிமிட்டல். மழை நாளில் போன் நன்றாகவே பேசும், நெட் மட்டும் அறுந்து அறுந்து வரும். பேச்சுக்கு 4 கிலோஹெர்ட்ஸுக்குள் போதும். டேட்டாவோ 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை ஏறும். நனைந்த முறுக்கு முதலில் காவு வாங்குவது அந்த மேல்பகுதியைத்தான். லைன்மேன் சேட்டன் டோனைக் கேட்டுவிட்டு, "லைன் ஓகேயாணு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, மோடத்தை யாரோ வீட்டுக்குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போனார். அவர் மேல் தப்பில்லை.

இப்போது பெரியம்மா வீட்டுக் கதை. பாலஸ் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய வீடு. இரண்டடிக் கனத்தில் வெட்டுக்கல் சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு, அதற்கும் மேலே மரப்பலகை மச்சு. பெரியப்பா போனபின் தனியாக இருக்கிறாள். ஷார்ஜாவில் இருக்கும் அண்ணன் போன வருஷம் வந்தபோது கூடத்தில் ஒரு கேமரா, மோட்டாருக்கு ஒரு ஸ்மார்ட் பிளக், இரண்டு ஸ்மார்ட் பல்பு மாட்டிவிட்டுப் போனான். அங்கிருந்தபடியே அம்மாவைப் பார்ப்பதற்கு.

ஜூன் மாதம் ஒரு நாள், கண்ணாடி இழை வழியே நெட் வாங்கும் வைஃபை பெட்டியில் சிவப்பு விளக்கு. கம்பெனிக்குப் போன் போட்டால், "லைட் சிவப்பா பச்சையா மேடம்?" என்று கேட்கிறார்கள். டோன் உண்டோ என்பதன் இன்றைய வடிவம். பையன் ஒருவன் வந்தான். கிடங்கு எலி கேபிளைக் கடித்திருந்தது. இந்தத் தெருக்களில் எலிக்குப் பஞ்சமே இல்லை. தலைமுடி மாதிரி இழையை வெட்டி ஒட்டி, மீட்டரில் செருகி ஒளியின் அளவைக் காட்டினான்: மைனஸ் 19. மைனஸ் 27-ஐத் தாண்டினால்தான் ஆபத்தாம். பெட்டியையும் புதிதாக மாற்றினான். பெரியம்மா போனில் வீடியோ ஓடியதைக் காட்டினான், ஒப்பு வாங்கினான், கிளம்பினான். மொத்தம் இருபது நிமிடம். லைன்மேன் சேட்டனின் நாலு நாளை நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலை அண்ணனிடமிருந்து வாய்ஸ் மெசேஜ்: "டேய், கேமரா ஆஃப்லைன். பல்பு ஆஃப்லைன். எல்லாமே ஆஃப்லைன். அம்மா எப்படி இருக்கா?"

அம்மா நன்றாகத்தான் இருந்தாள், எனக்கு நெய்ப்பத்தல் கொடுத்தாள். பையனுக்குப் போன் செய்தேன். "நெட் வருதில்லே சார்? பல்பெல்லாம் நம்ம வேலையில்லை" என்றான். அவன் சொன்னதும் நியாயம்தான். அவன் எல்லை பெட்டியோடு முடிகிறது. பல்பு விற்றவன் பல்பில் கோளாறில்லை என்பான். பெட்டிக்கும் பல்புக்கும் நடுவில் இருக்கும் பதினைந்தடிக் காற்று யாருக்குச் சொந்தம்? கேரள உயர்நீதிமன்றம் 2019-இல் இணையம் அடிப்படை உரிமையில் சேரும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தப் பதினைந்தடிக்கு அது பொருந்துமா என்று யாராவது வழக்குப் போட்டால் நான் சாட்சி சொல்லப் போவேன்.

ஸ்டூலில் ஏறிப் பல்பை மறுபடி இணைக்கப் பார்த்தேன். ஸ்விட்சை மூன்று முறை போட்டு அணைத்தால் பல்பு படபடவென்று சிமிட்டும். பெயர் கேட்கிறது என்று அர்த்தம். ஆப் சுற்றியது, சுற்றியது, 'தோல்வி' என்றது. நாலு முறை. காரணம் பிறகுதான் உறைத்தது. புதுப் பெட்டி 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளையும் ஒரே பெயரில் பரப்புகிறது. என் போன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றதால் வேகமான 5-இல் ஏறிக்கொண்டது. பல்புக்கோ 2.4 மட்டும்தான் தெரியும். ஒரே வீட்டில் இருந்தும் இரண்டும் பார்த்துக்கொள்ளவில்லை. கிணற்றடிக்குப் போய் நின்றேன். இரண்டு வெட்டுக்கல் சுவர் தாண்டி 5 வராது, போன் வேறு வழியின்றி 2.4-க்கு இறங்கியது. அங்கிருந்து கத்தினேன்: "பெரியம்மா, ஸ்விட்சைப் போடுங்க, அணைங்க, போடுங்க!" கம்பத்திலிருந்து கத்திய சேட்டன் நினைவுக்கு வந்தார். பல்பு இணைந்தது.

ஒன்று இணைந்தது, மூன்று பாக்கி. அப்போதுதான் பெரியம்மா, "பழைய பெட்டிக்கு ஒரு பேரு இருந்ததேடா, அதையே இதுக்கும் வைக்கப்படாதா?" என்று கேட்டாள். இதைவிடப் பெரிய தொழில்நுட்ப ஆலோசனையை நான் எந்த ஹெல்ப்லைனிலும் கேட்டதில்லை. அந்தச் சாதனங்களெல்லாம் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு வீட்டில் தேடிக்கொண்டிருக்கின்றன. புதுப் பெட்டிக்கு அதே பெயர், அதே பாஸ்வேர்டு, எழுத்து மாறாமல் வைத்தால் போதும், தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும். பாஸ்வேர்டு எங்கே? போன வருஷக் காலண்டரின் பின்பக்கம், அண்ணன் கையெழுத்தில். அதற்காகத்தான் பெரியம்மா அந்தக் காலண்டரைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தாளாம்.

மாற்றிய ஒரு நிமிடத்தில் பிளக் 'டிக்' என்றது. கேமராவின் கண் நீலமானது. இரண்டாவது பல்பு மட்டும் முறுக்கிக்கொண்டு நின்றது. பெட்டியின் பூட்டு டபிள்யூபிஏ3 என்ற புது வகை, அந்த பல்புக்கு டபிள்யூபிஏ2-க்கு மேல் படிப்பில்லை. இரண்டையும் ஏற்கும்படி மாற்றியதும் அதுவும் வழிக்கு வந்தது. நான் சேர்த்த முதல் பல்பைத்தான் பழைய பெயரில் மறுபடி சேர்க்க வேண்டியதாயிற்று.

சமையலறையில் மட்டும் சிக்னல் எட்டவில்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து கொச்சியைத் தொட்டுப் பினாங்கு வரை 13,000 கி.மீ.க்கு மேல் கடலடியில் கிடக்கும் சேஃப் என்ற இணையக் கேபிள் 2002-இலிருந்து வேலை செய்கிறது. ஆனால் பெரியம்மாவின் கூடத்திலிருந்து அடுப்படிக்கு வழியில்லை. பெட்டி இருந்தது இரும்பு பீரோவின் தலையில். மழைக்காலத்தில் ஈரம் குடித்த வெட்டுக்கல் அலையை இன்னும் தின்னும். கேபிளைச் சுருட்டி மடக்காமல், வளைவு அகலமாக இருக்கும்படி மச்சுக்குக் கொண்டுபோய் நடுப்பலகையில் பெட்டியை வைத்தேன். பக்கவாட்டில் சுவரைத் துளைக்க முடியாதது, மேலிருந்து மரப்பலகை வழியாக எளிதாக இறங்கியது. அடுப்படியில் பாட்டு கேட்டது. வீடு கட்டியவர்கள் புழுக்கத்துக்காகப் போட்ட மச்சு எதற்கெல்லாம் உதவுகிறது பாருங்கள்.

தெருவுக்குள் நடந்தால் கதையின் மறுபக்கம். 2012-இல் பியனாலே தொடங்கியபின் பஜார் ரோட்டுக் கிடங்குகள் சில ஓவியக்கூடங்களாயின. வீடுகள் ஹோம்ஸ்டே ஆயின. முன்பு வெள்ளைக்காரர்கள் இறங்கியதும் ஐஎஸ்டி பூத் எங்கே என்பார்கள். இப்போது செருப்பைக் கழற்றுவதற்கு முன் பாஸ்வேர்டு. என் போனில் தேடினால் ஒரு சந்துக்குள் முப்பது வைஃபை பெயர்கள். ஒன்றையொன்று தொந்தரவு செய்யாத சேனல் 2.4-இல் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. மற்றதெல்லாம் பழைய மிளகு எக்ஸ்சேஞ்ச் மாதிரி, எல்லோரும் ஒரே கூடத்தில் நின்று கத்துவதுதான். அந்தக் கத்தல் கணினிக்கு மாறி, பின்பு அடங்கியும் போயிற்று. இங்கே காற்றில் இன்னும் கேட்கிறது.

கரண்ட் போனால் இப்போது பெட்டியும் போகும். அதற்கு ஒரு குட்டி யுபிஎஸ் வாங்கி வைத்தேன். 12 வோல்ட், மூன்று மணி நேரம் தாங்கும். இனி கேமரா எப்போதும் ஆன்லைன் என்று அண்ணனுக்கு வாக்குக் கொடுத்தேன்.

அக்டோபரில் துலாவர்ஷம் என்கிற ஐப்பசி மழை பிடித்தது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் கிழக்கே வானம் கறுத்து இடிக்கும். ஒரு நாள் நான் அங்கே இருக்கும்போதே முதல் இடி இறங்கியது. பெரியம்மா எழுந்தாள், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மச்சுப்படி ஏறினாள். பெட்டியின் பிளக்கை உருவினாள், யுபிஎஸ் வயரையும் உருவினாள், ஆண்டெனாக்களைக்கூட மடக்கி வைத்தாள். அந்தக் காலத்தில் இடி இடித்தால் போன் வயரை ரோசெட்டிலிருந்து கழற்றிவிடுவார் பெரியப்பா. கண்ணாடி இழையில் மின்னல் வராது என்று சொல்ல வாயெடுத்தேன். அடாப்டர் வழியாக வருமே என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன்.

அவள் படியிறங்குவதற்குள் என் போன் அதிர்ந்தது. ஷார்ஜாவிலிருந்து: "டேய், ஆஃப்லைன்."

"இடி" என்று பதில் போட்டேன்.